நான் அணைக்காத சுவிட்ச்

என் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர், கொழும்பில் உட்கார்ந்தபடியே என்னைப் பொய்க்காரி என்று முடிவு கட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஃபேக்டரி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கேகாலைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து வாங்கிய வேலை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பெண்களில் ரப்பர் பால் வாளி தூக்காமல் ஃபேக்டரிக்குள் போனவள் நான் ஒருத்திதான்.

கம்பெனி அங்கே ஒரு சுவிட்ச் பொருத்தியது. லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற சின்னப் பெட்டி. அது ஓடுகிறதா என்று தலைமை ஆபீஸ் இன்ஜினியர் கொழும்பிலிருந்தே பார்ப்பார். தொடர்பு அறுந்தால் அவருடைய ஸ்கிரீனில் சிவப்பு விழும்.

தினமும் காலை பத்து மணிக்கு மேல் சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். உடனே போன் வரும். "நங்கி", அதாவது தங்கச்சி, என்று சிங்களத்தில் தன்மையாகத்தான் ஆரம்பிப்பார். தேத்தண்ணிக்குக் கேத்தல் போட பிளக்கைக் கழற்றுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு நாள், போன் சார்ஜ் பண்ணவா என்றார். அதற்கும் இல்லை என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே அணைக்கிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

தோட்டத்து மானேஜரான பெரிய தொரை என்னைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். அந்த வருஷங்களில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் "வேண்டுமென்றே" என்று எழுதினால் அது போலீஸ் விசாரணை வரைக்கும் கொண்டுபோய் விடும் என்று எல்லாருக்கும் தெரியும். செக்பொயிண்டில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுப் பஸ் ஏறியவர்கள் நாங்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு பௌர்ணமிப் போயா லீவு முழுக்க அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். கடைசியாகக் கரண்ட் கொடுத்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அந்தப் பெட்டியே கணக்கு வைத்திருக்குமாம். மறுநாள் தொடர்பு அறுந்து திரும்பி வந்ததும் நானே போன் எடுத்தேன்.

"சுவிட்ச் எத்தனை நாளா அணையாம ஓடுதுன்னு உங்க ஸ்கிரீன்ல பாருங்க சார்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நாற்பத்தொரு நாள்," என்றார்.

"அப்ப நான் எப்ப அணைச்சேன்?"

போனை வைத்துவிட்டார். அத்தனை நாளும் அவர் கண்முன்னால் இருந்த கணக்கு அது. ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

அடுத்த வாரம் நேரில் வந்தார். கம்பெனி அனுப்பிய ஆட்கள், ரப்பர் அரைக்கிற மெஷினின் மோட்டர் வயரோடு சேர்த்தே எங்கள் சுவிட்சின் கேபிளையும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடத் தொடங்கினால் மோட்டரின் மின்சாரம் குறுக்கிட்டுத் தொடர்பு போய்விடும். கேபிளை வேறு சுவரோரமாக மாற்றினார்கள், பிரச்சினை முடிந்தது. அவர் என் மேசையைக் கடந்துதான் வெளியே போனார். மன்னிப்புக் கேட்கவும் நிற்கவில்லை.

கடிதத்தைக் கிழிக்கச் சொல்லிப் பெரிய தொரையிடம் கேட்டேன். இனி அதை ஏன் கிளறுகிறாய் என்றார். நான் நாற்பத்தொரு நாள் விஷயத்தை இங்கிலீஷில் எழுதி, என் ஃபைலில் அதையும் கோர்க்க வேண்டும் என்று ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் தயங்கினார். பெற்றுக்கொண்டதாக என் பிரதியில் சீல் குத்தித் தரும்வரை அவர் மேசையை விட்டு நான் நகரவில்லை.