முதலாம் ஆண்டாம், முதலாம் ஆண்டு!

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘மாபெரும் முதலாம் ஆண்டு பத்து ஓவர் கிரிக்கெட் போட்டி’ என்று ஆளுயரத்துக்கு எழுத்து. முதலாம் ஆண்டாம்! அப்படியென்றால் என் அலமாரியில் இருந்த ஆறு ஸ்கோர் நோட்டும் என்ன, சமையல் குறிப்பா?

மழை பொய்த்து ஏரி வறண்டு கிடந்த ஒரு கோடையில் ஆரம்பித்த போட்டி அது. எட்டு அணி, ஒரே ஞாயிற்றுக்கிழமை, இருட்டுவதற்குள் இறுதி ஆட்டமும் முடிந்தாக வேண்டும். அதனால்தான் பத்து ஓவர். முதல் ஆட்டத்திலேயே எத்தனை ரன் என்று அடிதடி. அப்போது நான் குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி வீட்டுக்கு ஓடிவந்து, "அக்கா, நீ வந்து எழுது, உன்கிட்ட எவனும் வாய் குடுக்க மாட்டான்" என்று இழுத்துக்கொண்டு போனான். போனவள் அடுத்த ஒரு மணி நேரத்தில் அவனையே ரன் அவுட் என்று எழுதினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் நோட்டில் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கையெழுத்துதான் எங்கள் சட்டம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் என் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் யாரும் கோப்பையைத் தொடக் கூடாது. தோற்றவன் முறைத்துக்கொண்டே போடுவான், ஆனால் போடுவான். ஆறு வருடத்தில் ஒரு வரிகூட காலியாக விட்டதில்லை.

பிறகு டிவியில் ஊருக்கொரு அணி வைத்து, வாணவேடிக்கையோடு இருபது ஓவர் ஆடத் தொடங்கினார்கள். எங்கள் ஏரியாப் பெரியவர் ஒருவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஏரியைச் சுற்றி நெல் பயிரிட்டு, பிறகு அதே நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம். கலர் சட்டை, மைக், எண் தகடு மாட்டும் பெரிய ஸ்கோர் போர்டு எல்லாம் அவர் உபயம். நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இது ஏழாவது வருடம் என்று நான் போய்ச் சொன்னபோது, அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"அது பசங்க சும்மா ஆடிகினு இருந்ததும்மா. இது டோர்னமென்ட்டு."

நோட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், போர்டு இருக்கிறது என்றுவிட்டார். அப்போது எனக்கு நாவலூரில் வேலை. வாரத்தில் கிடைக்கிற ஒரு ஞாயிறு. பேசாமல் வீட்டில் படுத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஏழாவது நோட்டை எடுத்துக்கொண்டு போய், கரையோரச் சுவரில் உட்கார்ந்து நான்பாட்டுக்கு எழுதினேன்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவை என் தம்பி கேப்டனாக இருந்த சிட்லபாக்கம் அணியும், கடற்கரைப் பக்கம் குப்பத்திலிருந்து மீன் வேனில் வந்து இறங்கும் அணியும். குப்பத்து அணி முதல் வருடத்திலிருந்தே வருகிறது. இரண்டு முறை இறுதியில் தோற்று, இரண்டு முறையும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். இந்த முறை சிட்லபாக்கம் முதலில் ஆடி எண்பத்தொன்று எடுத்தது. அவர்களுக்கு எண்பத்திரண்டு வேண்டும்.

ஏழாவது ஓவர், மூன்றாவது பந்து. குப்பத்து கேப்டன் லெக் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடினார். எல்லையோரம் பந்தை எடுத்து எறிந்தது என் தம்பி. சரியாக அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. ஓவர் நடுவில்! ஆயிரம் வாலா வெடித்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிட்ச்சின் மேலேயே பொன்னாடை போர்த்தினார்கள், ஆளுயர மாலை போட்டார்கள், பிறகு மாலை போட்டவர்களுக்கு விருந்தினர் பொன்னாடை போர்த்தினார். மைக்கில் புகழ்ந்தவரும் போர்டில் தகடு மாட்டுகிறவரும் ஒரே ஆள். அவர் புகழ்ச்சியில் மூழ்கிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது போர்டில் ஐம்பத்திரண்டு என்றே இருந்தது. என் நோட்டில் ஐம்பத்துநான்கு.

மைக் வைத்திருந்த பந்தலுக்கு நான் ஓடினேன். குப்பத்து கேப்டனும் மட்டையோடு வந்துவிட்டார்.

"அண்ணா, சால்வை போடறதுக்கு முன்னாடி ரெண்டு ரன் ஓடினாங்க. போர்டுல ஏத்தலை" என்றேன்.

"ஏத்திடலாம்மா, ஏத்திடலாம். நீ போய் ஆடுப்பா" என்றார் மைக் பிடித்திருந்தவர்.

அந்த மனிதர் அதை நம்பிப் போய் ஆடினார். கடைசிப் பந்து வந்தபோதும் போர்டில் அந்த இரண்டை ஏற்றியிருக்கவில்லை. போர்டின்படி மூன்று ரன் வேண்டும், உண்மையில் ஒன்றே ஒன்று. அவர் நிதானமாகத் தட்டி, ஒன்று ஓடி, மட்டையைத் தூக்கினார். அப்போது மைக் அலறியது: சிட்லபாக்கம் ஒரு ரன்னில் வெற்றி!

நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா, சீஃப் கெஸ்ட் கீறாரு, இப்ப வந்து பேஜார் பண்ற? தோத்தா தகராறு பண்றது இவனுங்க வேல. ஜெயிச்சது உன் தம்பி, நீயே வாணாங்கிற. வூட்டுக்குப் போம்மா" என்றார்.

ஆறு வருடத்தில் ஒரு தகராறுகூடப் பண்ணாதவர்களைப் பார்த்து, மீன் வேனில் வந்தார்கள் என்பதற்காக, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

வேன் கிளம்புவதற்கு முன் குப்பத்து கேப்டன் என்னிடம் வந்தார்.

"அக்கா, உங்க நோட்டுல நாங்க இன்னா?"

"எண்பத்திரண்டு. ஜெயிச்சீங்க."

"அது போதும்க்கா" என்று பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வரி காலியாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருடம் நான் தம்பிக்கு வக்காலத்து வாங்கினேன். அம்மா கேட்டால், தெருவில் கேட்டால், ‘பாவம், அந்தக் கூச்சலில் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது, போர்டைத்தான் நம்பியிருப்பான்’ என்று சொல்வேன். எனக்கே அப்படித்தான் சமாதானம்.

மறுவருடம் ‘இரண்டாம் ஆண்டு’ பேனர் வந்தது. குப்பத்து அணி வரவில்லை. நான் நோட்டை எடுத்து வந்து, ஷோகேஸில் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் முன்னால் வைத்தேன்.

"அந்த ஏழாவது ஓவரைப் பாருடா. உனக்குத் தெரியாமப் போச்சு, சரி. இப்பவாவது கையெழுத்துப் போடு."

அவன் நோட்டைத் திறக்கவே இல்லை.

"தெரியாம என்னக்கா? பந்தைத் தூக்கிப் போட்டதே நான்தானே. ரெண்டு ரன்னுதான்."

சொல்லிவிட்டுக் கோப்பையின் கைப்பிடியைத் துடைக்கப் போய்விட்டான். அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.