சந்தனம் பட்ட இசைத்தட்டு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஓர் அன்ரியின் வீட்டு பேஸ்மென்றில் அறை எடுத்து இருந்தேன். அந்த வருடம் சரஸ்வதி பூசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. நான் சொல்லப்போவது அந்தச் சனிக்கிழமை நடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவள் நான். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அப்போது எனக்கு எல்லார் மீதும் கோபம். என் பெயரைச் சொல்லப் பழகாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் சூப்பர்வைசர் மீது கோபம். கோயிலில் கண்ட உடனே “இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ பிள்ளை” என்று என் கலியாணத்தை விசாரிக்கும் சனம் மீது கோபம். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திரிந்தபோது, வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெட்டை தன் வோக்மனை என் காதில் மாட்டிவிட்டாள்.

அது அமெரிக்க ஹார்ட்கோர். பங்க் இசையை இன்னும் வேகமாக, இன்னும் முரடாக அடித்தால் வருவது. ஒரு பாட்டு ஒரு நிமிடம் தாண்டினால் அதிகம். கிற்றார் இரையும், டிரம் அடிபடும், ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான், முடிந்துவிடும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் அவன் என்ன சொல்கிறான் என்பது முழுக்க விளங்கியது.

அதிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அந்தக் குழுக்களில் முக்கால்வாசி, பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளைகள். தங்கள் காசைப் போட்டுக் கொஞ்ச இசைத்தட்டுகள் அடித்து, உறையைத் தாங்களே மடித்து ஒட்டி, கச்சேரி வாசலில் விற்றுவிட்டு, அடுத்த வருடமே ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். பிறகு அந்தத் தட்டு எந்தக் கடையிலும் வராது. பழைய சாமான் கடைகள், தேவாலயங்களின் நிலக்கீழ் மண்டபத்தில் நடக்கும் விற்பனைகள் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். என் கிழமை விடுமுறை எல்லாம் அதிலேயே போனது.

பிடித்ததை வைத்திருப்பதிலும் முறை உண்டு. தட்டைத் தொட முன் கை கழுவ வேண்டும். விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், உள்ளே விரல் படக்கூடாது. நிலத்தில் வைக்கக்கூடாது. உறைக்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக் உறை. உடுப்புத் தோய்க்கும் மெசின் பேஸ்மென்றில்தான் இருந்தது. ஒருநாள் கூடையோடு வந்த அன்ரியின் கால் என் பெட்டியில் தட்டிவிட்டது. “அன்ரி, உதிலை கால் படக்கூடாது” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. அன்ரி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்தது சின்னப் பத்திரிகைகளின் பின்பக்க விளம்பரங்களில். அப்படித்தான் ஓர் அமெரிக்கனோடு கடிதத் தொடர்பு வந்தது. என்னிடம் ஒகாயோ மாநிலத்துப் பொடியன்கள் சிலர் அடித்த ஒரு சின்னத் தட்டு இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், வாயைப் பிளந்து கத்தும் ஒரு பொடியனின் முகம் உறையில் இருக்கும். அந்த அமெரிக்கன் வருடக்கணக்காக அதைத் தேடிக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்ததோ, கலிபோர்னியாவில் ஒரு பெண் பாடிய குழுவின் தட்டு. அந்தக் குழு அடித்தது அது ஒன்றுதான். வேலையிடத்துப் பெட்டை எனக்குப் பதிந்து தந்த கசெற்றில் அதில் ஒரு பாட்டு மட்டும், அதுவும் பாதியில் அறுந்துபோய் இருந்தது. ஒரு பெண் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மிச்சப் பாட்டுக்காக நான் என்னவும் கொடுத்திருப்பேன்.

அவன் ஒரு குழுவுக்கு வான் ஓட்டிக்கொண்டு ரொறன்ரோ வருவதாக எழுதினான். சனிக்கிழமை மத்தியானம் டவுன்ரவுனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் சந்திப்பது, தட்டுக்குத் தட்டு மாற்றுவது, பின்னேரம் அவர்கள் மொன்றியலுக்குப் போய்விடுவார்கள். எல்லாம் பேசி முடிந்தது. வெள்ளி இரவே அந்தத் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசையில் தனியாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசை வெறுமையாக இருந்தது.

கட்டிலைப் புரட்டினேன். மெசினுக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு மேலே ஓடினேன்.

சாமி அறையில் வெள்ளை வேட்டி விரித்து, அன்ரி கும்பம் வைத்திருந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், மகளின் வயலின், அங்கிள் ரியல் எஸ்டேட் சோதனைக்குப் படிக்கும் தடித்த புத்தகம் எல்லாம் வரிசையாக இருந்தன. வயலினுக்குப் பக்கத்தில் என் தட்டு. கத்துகிற அந்தப் பொடியனின் நெற்றியில், சரியாக நடுவில், ஈரச் சந்தனம். அதற்கு மேலே குங்குமம்.

மினுக்காத வெறும் தாளுறை அது. சந்தனம் உள்ளே ஊறி ஒரு வட்டம் விரிந்திருந்தது. இனி அதை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது.

“அன்ரி, ஆரைக் கேட்டு உதை எடுத்தனீங்கள்?”

“ஏன் பிள்ளை, தனிய எடுத்து மேசையிலை வைச்சிருந்தாய். பூசைக்குத்தான் எண்டு நினைச்சன்.”

“பிளாஸ்டிக்கையும் கழட்டி இருக்கிறியள்.”

“பின்னை, பிளாஸ்டிக்குக்கோ பொட்டு வைக்கிறது?”

நான் கத்தினேன். அன்றைக்கு என் தொண்டையும் அந்தக் குழுக்களுக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. அவருக்கு அறிவில்லையா என்றும் கேட்டேன். அங்கிள் பேப்பரோடு எழும்பி கராஜ் பக்கம் போய்விட்டார். அன்ரி போகவில்லை. கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்று திருப்பிக் கத்தினார்.

“கை கழுவாமல் தொடமாட்டாய். நிலத்திலை வைக்கமாட்டாய். என்ரை கால் பட்டதுக்கு என்னைப் பேசினனி. என்ரை பிள்ளையள் புத்தகத்தைக் கட்டிலுக்குக் கீழை எறியுதுகள், நீ உதைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிறாய். நான் உதைப் படிப்பெண்டு நினையாமல் வேறை என்னெண்டு நினைக்கிறது?”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் செய்ததுதான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது.

தட்டைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அந்த வீட்டில் பூசையில் வைத்தது அடுத்த நாள் விஜயதசமிக் காலைதான் எழும்பும். மத்தியானம் நான் கடைக்கு ஃபோன் அடித்து, கடிதத்தில் எழுதியிருந்த மாதிரித் தலை மழித்த அமெரிக்கன் யாரும் நிற்கிறானா என்று கேட்டு அவனைக் கூப்பிட்டேன். தட்டு ஸ்காபரோவில் மாட்டிக்கொண்டது, வந்து பார்க்க முடியுமா என்றேன். உறைக்கு நடந்ததைச் சொல்லவில்லை. நேரே பார்த்தால் மனம் மாறுவான் என்று ஒரு நப்பாசை.

அவன் அந்தப் பெரிய வானோடு வந்து இறங்கினான். கழுத்துவரை பச்சை குத்தி, முழங்கால் வரை கயிறு கட்டிய சப்பாத்து. அன்ரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்.

“தலையிலை ஒரு மயிர் இல்லை. எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?”

“நேர்த்தி ஒண்டும் இல்லை அன்ரி. தட்டுப் பாக்க வந்தவன்.”

“மச்சம் மாமிசம் தின்னுவானோ? பூசை வீடு.”

“மச்சம் இல்லை. குடி இல்லை. சிகரெட்டும் இல்லை. இந்தப் பாட்டுக்காரரிலை ஒரு பகுதி அப்பிடித்தான்.”

அன்ரி திரும்பி அங்கிளைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. “கேட்டியளோ?” என்றார். அங்கிள் மறுபடி கராஜுக்குப் போனார்.

அவன் வாசலில் குந்தி இருந்து அந்தச் சப்பாத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து முடிக்கும் வரைக்கும் வீடே காத்திருந்தது. உள்ளே வந்து தட்டு இருந்த இடத்தைக் கண்டான். சந்தனத்தையும் கண்டான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “கை கழுவ எங்கே போக வேண்டும்?” என்று என்னைக் கேட்டான். அவன் எதற்காகக் கேட்டான் என்பது எனக்குத் தெரியும். அன்ரிக்கு நான் சொல்ல வேண்டி வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும், “பாத்தியோ, உவனுக்கும் தெரிஞ்சிருக்கு” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம், தன் கையாலேயே தட்டை எடுத்து நீட்டினார். நாளைக் காலைதான் என்ற சட்டம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அவன் முழங்காலில் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சரித்துப் பார்த்தான். பிறகு உறையைப் பார்த்தான். ஆங்கிலத்தில் அவன் சொன்னது இவ்வளவுதான்: தட்டு புதிது மாதிரி இருக்கிறது, உறை பழுதாகிவிட்டது, தன்னால் மாற்ற முடியாது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் என்றாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்னும் இரண்டு தட்டுகள் சேர்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். நான் அன்ரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்ரி அவனுக்கு அவலும் கடலையும் வடையும் போட்டுக் கொடுத்தார். அவன் நிலத்தில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டான். சாப்பிடும்போது, இதை ஏன் சாமிக்கு முன்னால் வைத்தார் என்று கேட்டான். நான் வேண்டாவெறுப்பாக விளக்கினேன். ஒருவர் எதைப் படித்து ஆளாகிறாரோ, அதை இன்றைக்கு இங்கே வைப்பது வழக்கம் என்றேன். என்னுடையது இது என்று அவர் நினைத்துவிட்டார் என்றேன்.

அவன் கடலையை மெல்லுவதை நிறுத்தினான். பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாளில் தன்னிடமும் இந்தத் தட்டு இருந்ததாம். பெட்டி பெட்டியாக வேறு தட்டுகளும் இருந்தனவாம். ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தபோது, தாய் எல்லாவற்றையும் குப்பையோடு வெளியே வைத்து, லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். தான் இன்றுவரை வாங்குவதெல்லாம் அன்றைக்குப் போனவைதான் என்றான்.

“என்னவாம்?” என்று கேட்டார் அன்ரி.

சொன்னேன். அன்ரி அவன் சாப்பிட்ட தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்தார். அவன் என்னைப் பார்த்து, “உறை சுத்தமாக இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன், பிறகு நீ அழுதிருப்பாய்” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அழுகிற ஆள் இல்லை என்றேன். சிரித்தான். வெளியே போய் வானிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தான். அதற்குள் அந்தக் கலிபோர்னியாத் தட்டு. தருவதற்கு இல்லை, கேட்பதற்கு.

இன்றைக்குப் பாட்டுப் போடலாமோ என்று அன்ரியிடம் கேட்டேன். “படிக்கக்கூடாது எண்டுதான் சொல்லுறது. கேக்கக்கூடாது எண்டு ஆர் சொன்னது?” என்றார்.

பேஸ்மென்றில் போட்டோம். கசெற்றில் அறுந்துபோன பாட்டு, அறுந்த இடத்தைத் தாண்டி ஓடியது. அந்தப் பெண் மூச்சு விடாமல் கத்தினாள். நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். முடிந்ததும் படியில் யாரோ நிற்பது தெரிந்தது. அன்ரி, ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

“ஏன் உந்தப் பிள்ளை இப்பிடிக் கத்துது?”

“தெரியாது அன்ரி.”

“ஆரும் என்னவும் செய்தவையோ அவளுக்கு?”

“இருக்கும்.”

அன்ரி கோப்பையை அவனிடம் கொடுத்தார். “அப்ப கத்தட்டும்” என்றார். “திருப்பிப் போடு, முதலிலை இருந்து கேக்கேல்லை நான்.”

திருப்பிப் போட்டேன். மூன்று பேரும் நின்று கேட்டோம். அதற்குப் பிறகு அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு மொன்றியலுக்குப் போனான். அதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் ஒரே ஒருமுறைதான் கண்டேன். அப்போது விலை என் கைக்கு எட்டவில்லை.

பொட்டு வைத்தது என்னிடம் இருக்கிறது. தெரிந்த ஆட்கள் வந்து கையில் எடுப்பார்கள், கறையைக் கண்டதும் முகம் சுருங்கும், பாவம் என்று திருப்பி வைப்பார்கள். நான் ஒன்றும் விளக்குவதில்லை. இந்த ஊரில் என் கோபம் ஒருவருக்கும் விளங்காது என்ற நினைப்பில்தான் அந்தத் தட்டுகளை வாங்கத் தொடங்கினேன். அந்தக் கோபத்தையே ஒரு மனுசி படிப்பென்று மதித்து, பொட்டு வைத்து, தன் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார் என்பதை நினைத்தால், எனக்கு இப்போதும் யாரோடும் சண்டை பிடிக்க மனம் வருவதில்லை, கொஞ்ச நேரத்துக்காவது.