பிஸ்கட் கொளஞ்சியின் கேட்டகரி

இதை எழுத எனக்குத் தகுதி போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டி வந்தால் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய்விடுவேன். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்க, சைட்டில் வந்த மாற்றங்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று சேகர் சார் சொன்னார். மற்ற எல்லாருக்கும் அன்று வேறு வேலை இருந்தது. அதனால் நான் எழுதும்படி ஆகிவிட்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைட் என்றால் என்ன

சேகர் சார் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து ஆரம்பித்தது இது. விருத்தாசலம் பாலக்கரை பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். வேலை தேடுகிற ஒவ்வொருவருக்கும் சைட்டில் ஒரு பக்கம் உண்டு. அதில் அவருடைய பயோடேட்டா இருக்கும். அதன் லிங்க்கை வாட்ஸ்அப்பில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆள் தேடும் கம்பெனிகள் எங்கள் சைட்டுக்குள் வந்து தாங்களே தேடியும் எடுக்கலாம்.

என் வேலை, நேரில் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு டைப் செய்வது. முன்பு ஜாப் டைப்பிங் கடையில் செய்ததைப் போலத்தான். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பயோடேட்டா என்றால் கல்யாணப் பயோடேட்டாதான் தெரியும். நட்சத்திரம், ராசி எல்லாம் சொல்வார்கள். "இது வேலைக்குங்க" என்று நான் சொன்னால், "இருக்கட்டும், ரெண்டுக்கும் ஆவும்" என்பார்கள்.

பார்த்தவர்கள்

முதலில் வந்த புது வசதி, ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுவது. அது வந்ததும் எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்து (கர்நாடகா மங்களூர் இல்லை) ஜேசிபி டிரைவர் ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"தெனம் யாரோ ஒரு ஆளு பாத்துக்கினே இருக்கான், ஆனா போன் பண்ண மாட்டேங்கறான். அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

பார்த்துச் சொன்னேன். தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அவரேதான். காலையில் எழுந்ததும் தன் பக்கத்தைத் திறந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்த்திருக்கிறார். அடுத்த திருத்தத்தில், சொந்தப் போனிலிருந்து பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காமல் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது நம்பர் மறைப்பு. பெண்களின் நம்பருக்குக் கண்டவர்களும் குட்மார்னிங் அனுப்புகிறார்கள் என்று புகார் வந்தது. எனவே நம்பரை மறைத்துவிட்டு, கம்பெனிகளின் அழைப்பு எங்கள் ஆபீஸ் போனுக்கு வரும்படி செய்தார்கள். நாங்கள் உரியவரோடு இணைத்துவிட வேண்டும். எல்லாருக்கும் அது நல்ல வசதி. போன் என் மேஜையில் இருந்ததால் எனக்கு மட்டும் கஷ்டம்.

தானாக வகை பிரித்தல்

மூன்றாவதாக வந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பயோடேட்டாவில் உள்ள வார்த்தைகளைப் படித்து, இவர் எந்தத் தொழில் என்று சிஸ்டமே கேட்டகரி போட்டுவிடும். அதற்கு முன் ஆட்களே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆள் டிரைவர், சமையல், சூப்பர்வைசர் என்று எல்லாவற்றிலும் டிக் அடித்துவிடுவார். கம்பெனிக்காரர்களுக்கு எரிச்சல். அதனால் சிஸ்டம் போட்ட கேட்டகரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை முத்திரை விழும். அது விழுந்தபின் கொஞ்ச நாளைக்கு யாரும் மாற்ற முடியாது. நானும் மாற்ற முடியாது. பழைய பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இது தானாகவே போடப்பட்டது.

அது வந்த சில நாட்களில் கொளஞ்சி வந்தார். அவரை எங்கள் ஊர் செராமிக் ஆட்கள் பிஸ்கட் கொளஞ்சி என்பார்கள். களிமண்ணில் வார்த்துக் காயவைத்த சாமானை முதல் தடவை சூளையில் சுடுவதற்குப் பிஸ்கட் என்று பெயர். அதற்குப் பிறகுதான் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி மறுபடி சுடுவார்கள். கொளஞ்சி படிப்பை விட்ட நாளிலிருந்து பிஸ்கட் சூளையில் நின்றவர். அவர் இருந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். அப்போது வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் போகிற வண்டிகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வடக்க ஒரு கப்பு-தட்டு கம்பெனி பிஸ்கட்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம். நம்ம சைட்லதான் தேடறாங்களாம். இன்னையோட லிஸ்ட்டு முடியுதாம். எனக்கு மட்டும் ஏன் போனே வரல? சூளைக்குப் போவலன்னா இனிமே கொடிதான் ஆட்டணும்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தேன். "கொளஞ்சின்னு ஒருத்தர் பயோடேட்டா பாத்தோம், பேசணும்" என்றார் ஒருவர். கொளஞ்சியின் முகம் மலர்ந்தது. எனக்குப் பேசத் தெரியாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

"பிஸ்கட்ல இருந்திருக்கீங்க போலருக்கு?"

"ஆமாங்க. மொத நாள்லேருந்து பிஸ்கட்டுதான்."

"ஓவன் எல்லாம் பழக்கமா?"

"நாங்க கில்னும்போம். எல்லாம் ஒண்ணுதாங்க."

"டன்னல் டைப்பா? இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வெளிய வருமே, அது?"

"மொதல்ல டன்னலு. அப்புறம் வண்டியோட உள்ள தள்ளிச் சாத்தற ஷட்டிலு."

"டன்னல் தெரியுமா! நல்லதாப் போச்சு. எவ்ளோ டிகிரில ஓட்டுவீங்க?"

"தொள்ளாயிரம். சாமானப் பொறுத்து தொள்ளாயிரத்தி அம்பது வரைக்கும் போவேன்."

"ஏங்க, கரியாப் போயிடாது?"

"கரியாவாதுங்க. அதுக்குக் கொறைஞ்சாதான் வம்பு, பச்சையா நிக்கும். கையில எடுத்தா ஒடைஞ்சிடும்."

"பிஸ்கட்டுன்னா ஒடையத்தாங்க செய்யும்."

"எங்கிட்ட ஒடையாது."

"உள்ள போனது வெளிய வர எவ்ளோ நேரம்?"

"ஏத்தி எறக்க ஒரு நாளு ஆவும். அவசரப்பட்டா விரிசல் வுட்டுடும்."

"ஒரு நாளா? எங்களுக்கு அஞ்சாறு நிமிஷங்க! அப்படி என்ன பிஸ்கட்டுதான் போடறீங்க?"

"ஊறுகா ஜாடி, டீ கப்பு, புள்ளையாரு."

"புள்ளையாரு பிஸ்கட்டா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை என் பக்கம் இழுத்து, "சார், இவர் மண் பிஸ்கட்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் புதுச்சேரி பக்கம் உள்ள ஒரு பிஸ்கட் ஃபேக்டரியின் மேனேஜர். விஷயம் தெரிந்ததும் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அதானே! அதக் கடிச்சிருந்தா பல்லு போயிருக்கும். ஆள் கெடைக்காம அலையறோம்மா, அதான் பாத்ததும் கூப்ட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கொளஞ்சி சிரிக்கவில்லை.

அவருடைய பக்கத்தைத் திறந்தேன். "உணவுப் பொருள் – பேக்கரி" என்று பச்சை முத்திரையோடு இருந்தது.

முத்திரையை எடுக்க முடியவில்லை

சென்னையில் எங்கள் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் கீர்த்தனாவுக்கு மெசேஜ் போட்டேன். அவரே கூப்பிட்டார்.

"அக்கா, ஊறுகா இருக்கு, டீ இருக்கு, பிஸ்கட்டு இருக்கு. நான் படிச்சிருந்தாலும் பேக்கரின்னுதான் போட்டிருப்பேன்" என்றார். அதில் நியாயம் இருந்தது. "நாளைக்கு அப்டேட் விடறோம். அதுல செராமிக்குன்னு தனியா ஒண்ணு சேத்துடறேன். அதுக்கு முன்னாடி பூட்டை எடுக்கணும்னா சார்தான் சொல்லணும்" என்றார்.

சேகர் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தருக்குத் தொறந்தா நாளைக்கு வாசல்ல நூறு பேரு நிப்பாங்க. பூட்டு போட்டதே அதுக்குத்தானே? அந்தக் கம்பெனிக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, முடிஞ்சுது" என்றார். அவருக்கு அது சுலபம்.

எனக்கு வேறொரு யோசனை வந்தது. கேட்டகரியை மாற்ற முடியாவிட்டாலும் உள்ளே இருக்கும் வார்த்தைகளை மாற்றலாம். பிஸ்கட் என்பதை எடுத்துவிட்டு "முதல் சூடு" என்று போட்டுவிடட்டுமா என்று கொளஞ்சியைக் கேட்டேன்.

"பிஸ்கட்ட எடுத்துட்டா என்னை யாருக்குக்கா தெரியும்? அவங்க அந்தப் பேரப் போட்டுத்தான் தேடுவாங்க" என்றார். அதுவும் சரிதான்.

ஆகவே போன் செய்தேன். அந்தக் கப்-தட்டு கம்பெனிக்குச் சென்னையில் ஒரு கிளை ஆபீஸ் இருந்தது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்பரை அழுத்தினேன். எடுத்த பெண் சாந்தமாகப் பேசினார்.

"உற்பத்திங்கற கேட்டகரியில பிஸ்கட்டுன்னு போட்டுத் தேடினோம் மேடம், விருத்தாசலத்துலேருந்து ஒருத்தர் கூட வரல. செராமிக் ஊராச்சேன்னு எங்களுக்கே ஆச்சரியம்" என்றார். நான் லிங்க் அனுப்பினேன். திறந்து பார்த்து அவரும் சிரித்தார். மதியம் எங்கள் ஆபீசிலிருந்தே வீடியோவில் கொளஞ்சியிடம் பேசினார்கள். விரிசல் ஏன் வருகிறது, சூளைக்கு வரும் கேஸ் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். இவர் சொன்னார். வேலை உறுதி என்றார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை லீவு. முடிவை மாலைக்குள் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்காரர்களிடம் நானாகப் போன் செய்து பேசிய முதல் காரியம் அது. நடந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அஞ்சலை கேட்டது

கொளஞ்சி தன் மனைவி அஞ்சலைக்குப் போனில் சொல்லியிருக்கிறார். அஞ்சலை ஸ்கூலில் சத்துணவு சமைக்கிறவர். வேலை முடிந்ததும் கையில் பையோடு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"யக்கா, நீங்கதான் பேசி வாங்கித் தந்தீங்களாம். ரொம்ப சந்தோசம்" என்றார். சந்தோஷமாக இருக்கிறவர் மாதிரி தெரியவில்லை.

"என்ன அஞ்சல?" என்றார் கொளஞ்சி.

"ஒண்ணுமில்ல. போன தடவ, யூனிட்ட மூடுனதும் வெளியூரு வேலைக்குப் போயிட்டு வந்தப்ப, நம்ம சின்னப் புள்ள ஒன்னப் பாத்து 'வாங்க, ஒக்காருங்க'ன்னுச்சே, ஞாபகம் இருக்குதா? யாரோ வூட்டுக்கு வந்த ஆளுன்னு நெனைச்சிக்கிச்சு. இந்தத் தடவ போயிட்டு வந்தா தண்ணி மோந்து குடுத்துட்டு, யாரப் பாக்கணும்னு கேக்கும்."

அஞ்சலை என்னைப் பார்த்தார்.

"காலையில வேற ஒரு கம்பெனி கூப்பிட்டாங்களாமே. எங்க இருக்குது அது?"

"அது தின்ற பிஸ்கட்டுங்க. புதுச்சேரி பக்கம்" என்றேன்.

"புதுச்சேரிக்கு பஸ்ஸு இருக்குதே. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடலாம்."

"செராமிக்க வுட்டுட்டு ரொட்டி சுடப் போவச் சொல்றியா? அங்க என்னா, அடுப்பு மாதிரி ஒண்ணு. அது ஒரு சூடா?" என்றார் கொளஞ்சி.

"கொடி ஆட்டறதுல மட்டும் ரொம்ப சூடா? ஊரே ஒன்ன பிஸ்கட் கொளஞ்சிங்குது. இப்பத்தான் பேருக்கு ஏத்த வேல வந்திருக்குது, வேணாங்கறியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொளஞ்சியும் இந்தத் தடவை சிரித்தார். பிறகு மேஜையிலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். "கேட்டுப் பாருங்கக்கா. அவங்க வேணாம்னா வடக்க போயிடறேன்" என்றார்.

மறுபடி போன். இந்த முறை ஒத்திகை பார்க்க நேரமில்லை. மேனேஜரிடம், காலையில் பேசிய மண் பிஸ்கட்காரர் உங்களிடம் வரலாமா என்று கேட்கிறார் என்றேன்.

"அந்தப் புள்ளையாரா?" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார். "எங்க பசங்க ஓவன் பக்கத்துல சூடு தாங்காமதாம்மா ஓடிப் போறானுங்க. தொள்ளாயிரத்துக்கு நின்னவரு இருநூத்தி அம்பதுக்கா பயப்படப் போறாரு? ஓவன் ஹெல்ப்பரா வரட்டும். மிச்சத்த நாங்க சொல்லித் தரோம். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, தொள்ளாயிரத்துல வெக்கக் கூடாது."

சம்பளம் வடக்கே சொன்னதைவிடக் குறைவு. அஞ்சலை அதைக் கேட்டுத் தலையாட்டினார். கொளஞ்சி சரி என்றார். சென்னைப் பெண்ணுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் வருத்தப்பட்டுக்கொண்டார். செராமிக் ஆட்கள் வேறு சிலருடைய லிங்க்குகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது கொளஞ்சி கேட்டார்: "அக்கா, அந்த பேக்கரின்னு போட்டிருக்கே, அத எடுத்துடுவீங்களா?"

"எடுக்கணுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

இதிலிருந்து தெரிந்துகொண்டது

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. சிஸ்டம் வார்த்தையைத்தான் படிக்கும். எந்த ஊர் வார்த்தை என்று அதற்குத் தெரியாது. ஆகவே டைப் செய்யும்போது "பிஸ்கட்டுன்னா எந்த பிஸ்கட்டு" என்று கேட்டுவிடுங்கள். ஆனால் நான் அன்று தெரிந்துகொண்டது அது இல்லை. ஒரு பக்கத்தில் தப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், திருத்துவது ஒன்றே குறியாக ஓடினேன். அந்தப் பக்கத்துக்கு உரியவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அஞ்சலைதான் கேட்டார். திருத்துவதற்கு முன் கேளுங்கள்.

மறுநாள் அப்டேட் வந்தது. செராமிக் என்று தனிக் கேட்டகரி சேர்ந்தது. கொளஞ்சியின் பக்கம் தானாகவே அதற்கு மாறி, புது முத்திரை விழுந்து பூட்டிக்கொண்டது. கீர்த்தனாவுக்குப் போன் செய்து, அதை மறுபடி உணவுப் பொருளுக்கே மாற்ற வேண்டும் என்றேன். சாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.