கடலடியில் ஒரு மருந்து, காலில் ஒரு புண்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுக்கிறவன் கோபப்படக் கூடாது என்பார்கள். பொகவந்தலாவைப் பக்கம் பதினோரு வருடமாக நான் வேறெதுவும் படவில்லை. மருந்தும் கொடுத்துப் பேச்சும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, கேளுங்கள்.

மூன்று நாள் துண்டு

கொழுந்தெடுக்கும் புவனேஸ்வரி, அட்டை கடித்த இடத்தில் சீழ் பிடித்து, நொண்டிக்கொண்டு வந்தார். ஏழு நாளுக்கு அன்டிபயட்டிக் கொடுத்தேன். வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்க என் கையெழுத்திட்ட துண்டு வேண்டும். அதிலும் ஏழு என்றுதான் எழுதப் போனேன். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா வாசலில் நின்று மூன்றாக்கச் சொன்னார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்று என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னது: "கொழுந்து முத்திப் போகுது தம்பி, புண்ணு காத்திருக்கும்."

லயத்துப் பங்கு

பத்தாம் நாள் அதே கால் முழங்கால் வரை வீங்கி வந்தது. குளிசை மூன்று நாள்தான் உள்ளே போயிருக்கிறது. மிச்சத்தில் பாதி, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராக்காரியின் பல்வலிக்கு, பாதி இன்னொருத்தியின் இருமலுக்கு! அரைகுறையாக அடி வாங்கிய கிருமி இனி அந்த மருந்துக்கு அடங்காது, காலே போய்விடும் என்று கத்தியபடி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

புவனேஸ்வரி கேட்டது: "ஒரே லயத்துல இருந்துக்கிட்டு இல்லேன்னு சொல்ல முடியுங்களா ஐயா?"

கடலுக்கு அடியில்

அந்த வாரம் நுவரெலியாவில் எங்களுக்கு ஒரு வகுப்பு. வெளிச்சமே எட்டாத கடலடியில், கொதிநீர் பீறிடும் வெடிப்புகளில் வாழும் நுண்ணுயிர்களை டாக்டர் திரையில் காட்டினார். பழைய மருந்துக்கு அடங்காத கிருமியை அடக்கும் பொருள் அவற்றில் இருக்குமா என்று தேடுகிறார்களாம். கிடைத்தாலும் நோயாளி கைக்கு வரப் பல வருடமாகுமாம். யாரோ கடலின் அடிமட்டம் வரை போகிறார்கள், இங்கே ஒரு பெண்ணுக்கு இன்னும் நாலு நாள் ஓய்வு கொடுக்க மனமில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சர் காதில் சொன்னார்: "அது இங்க வந்து சேரட்டும், நம்ம லயத்துல ஒரே நாள்ல பங்கு போட்டு முடிச்சிருவாங்க."

பெரட்டு

புவனேஸ்வரி திரும்பி வந்தார். ஊசி மேல் ஊசி போட்டுக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். மலையேற முடியுமா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. நான் கடல், கிருமி என்று மறுபடி ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். மிச்ச நாலு நாளும் ஏன் விழுங்கவில்லை என்று கேட்டதற்குத்தான் பதில் வந்தது.

"துண்டு முடிஞ்சுச்சு, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல ஆளோட ஆளா போயி நின்னேன். பெரட்டுல நிக்கிறவளுக்கு ஏதுங்க ஐயா நோவு?"

கடலடியில் தேடுகிறவர்கள் தேடட்டும். நான் இப்போது குளிசை எத்தனை நாளோ துண்டும் அத்தனை நாள் என்று எழுதி, கண்டாக்கையாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.