வரவேற்பறையில் மாட்டிய இளவரசர்

லண்டனில் கிங்ஸ்பரி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பழைய சாமான் விற்கும் ஞாயிறு சந்தையில் மனைவி ஒரு படம் வாங்கிவந்தாள். தொப்பியில் இறகு செருகிய குண்டு இளவரசர் ஒருவர், முக்காடிட்ட பெண்ணின் விரலில் மோதிரம் போடுகிறார். பக்கத்தில் நிற்கும் பாதிரியார் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ராச குடும்பத்துக் கலியாணம் என்று சொல்லி அதை வரவேற்பறையில், மாதா சுரூபத்துக்கு எதிரே மாட்டினாள். அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். சுவரில் என்ன தொங்கவேண்டும் என்பதில் நான் வாய் திறப்பதில்லை.

புதுவீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க, அவள் போகும் மாதா கோயிலின் பங்குச் சுவாமி வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் படத்தின் முன்னால் நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“இது ஆரெண்டு தெரியுமோ, பிள்ளை?”

“ராசாவும் ராணியும்தானே, சுவாமி?”

“ராணி இல்லை. இருநூறு வருசத்துக்கு முன்னம் ஒரு இளவரசரின்ரை காதலைப் பகிடி பண்ணிக் கீறின படம். கடைக் கண்ணாடியில ஒட்டி வைப்பினம். சனம் நிண்டு பாத்துச் சிரிக்கும்.”

மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு, படத்தைக் கழற்ற ஏறினாள்.

“இறங்குங்கோ, பிள்ளை. அந்த மனிசி எங்கட ஆள். கத்தோலிக்க விதவை. அரண்மனை ஒத்துக்கொள்ளாதெண்டு ரெண்டுபேரும் களவாக் கலியாணம் செய்தவை. அந்தப் பாதிரியாரைக் கீறின விதம்தான் எனக்குப் பிடிக்கேல்லை.”

அவள் நாற்காலியிலேயே நின்றாள். பிறகு, “நாங்களும் அப்பிடித்தான், சுவாமி,” என்றாள்.

உண்மைதான். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பதிவுத் திருமணம் செய்தவர்கள் நாங்கள். மாதா கோயிலில் கட்டாததால் இருபது வருடமாக அவள் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் வாங்குவதில்லையாம்; அன்றுதான் சொன்னாள். நத்தார் எனும் கிறிஸ்மஸ் பூசையில் எல்லோரும் அதை வாங்க எழும்பிப் போக அவள் மட்டும் இருப்பதைப் பார்த்து, முழங்கால் நோவாக்கும் என்று நினைத்திருந்தேன். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

“நீங்கள் மதம் மாறத் தேவையில்லை, தம்பி,” என்றார் சுவாமி. “கோயிலில கட்டிவைக்க ஆயரிட்ட நான் அனுமதி எடுக்கிறன். உங்களுக்குச் சம்மதமோ?”

“ஓம்,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை கோயிலில் எங்களுக்குக் கலியாணம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். தாய் தகப்பன் கலியாணத்துக்குப் போன ஆள் தான்தான் என்று இன்றும் சொல்லித் திரிகிறாள். அன்று பூசையில் மனைவி எழும்பிப் போய் நற்கருணை வாங்கினாள். வீடு வரும்வரை காரில் பாடிக்கொண்டே வந்தாள்.