லேட் மேனேஜர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெயின்ட் கம்பெனியில் எனக்கு டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் மொழியில் படித்து முடித்தவள் நான். ஆங்கிலம் புரியும், பேச வராது. போன் மணி அடித்தாலே வேறு யாராவது எடுக்க மாட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பேன்.

ஒரு காலை கிள்ளானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் இன்னும் வரவில்லை. தமிழில் 'மேனேஜர் லேட்' என்போம். ஆங்கிலத்தில் எல்லாம் தலைகீழாக வரும் என்ற நினைப்பில் திருப்பிப் போட்டேன். "லேட் மேனேஜர், சார்."

அவர் குரல் தாழ்ந்தது. பிறகு மெல்ல, "வென்?" என்றார்.

"திஸ் மார்னிங், சார். ஃபெடரல் ஹைவே." டிராஃபிக் ஜாம் என்று சேர்ப்பதற்குள், "ஓ மை காட்!" என்று போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் மேனேஜர் பெயரோடு ஒரு மலர்வளையம் வந்து இறங்கியது. வாசலில் அதை வாங்கியவரும் மேனேஜரேதான். "யார் போன் எடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் எழுந்தாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, என் வயதுதான். அதுவரை என்னோடு அதிகம் பேசியதில்லை. லைன் சரியில்லை, அவர் தப்பாகக் கேட்டிருப்பார் என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். மேனேஜர் கிள்ளானுக்குப் போன் போட்டார். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கோபமாகத் தொடங்கியவர், பேசி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லேட்டை ஆளுக்கு முன்னால போட்டா ஆள் செத்துட்டாருன்னு அர்த்தம். 'தி மேனேஜர் இஸ் லேட்'னு பின்னால போட்டா வந்துகிட்டு இருக்காரு. அவ்வளவுதான் லா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிலத்திலேயே பேசினோம். 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் எனக்குக் குழம்பும். "கடன் வாங்குறியா, கொடுக்குறியா?" என்று கேட்டுவிட்டு, நானே சொல்லும்வரை காத்திருப்பாள். 'டிட் யூ வென்ட்' என்றால், "டிட் வந்தாச்சு, இனிமே கோ போதும்" என்பாள். மற்றவர்கள் முன்னால் ஒருநாளும் திருத்தியதில்லை.

பிறகு என்னை விற்பனைப் பகுதிக்கு மாற்றினார்கள். அன்று அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"எனக்கு நீ தமிழ் படிக்கச் சொல்லித் தர்றியா? நான் இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சவ, ஒரு எழுத்துகூடத் தெரியாது."

அன்று மாலையே பஸ்ஸில் என் வாரப் பத்திரிகையை மடியில் விரித்து, 'அ'விலிருந்து தொடங்கினோம்.