எண்ணெய் ஓட்டையில் சந்தனம்

இறுகிப்போன நட்டைக்கூடச் சமாளிச்சுடலாம். அதைச் சுத்தியலால நாலு சாத்து சாத்திட்டுக் கொண்டுவர்ற ஆளைச் சமாளிக்கிறதுதான் எங்க தொழில்ல பெரும்பாடு. கீரமங்கலத்துல பட்டறை வச்சிருக்கேன். உங்க வீட்டுலயும் திறக்காத பூட்டு, திரும்பாத குழாய்னு ஏதாவது இருக்குமே? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்.

இடது பெடல்

ஒரு வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். இடது பெடல் கழல மாட்டேங்குதாம். ஸ்பேனர் மேல ஏறி நின்னும் பாத்துட்டாராம். பாவம், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அந்தப் பெடலுக்கு மட்டும் திருகு மரை எதிர்ப்பக்கம், மத்ததை இறுக்குற பக்கம் திருப்பினாத்தான் இது கழலும். டீசல் விட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து, மாத்தித் திருப்பினேன், கழண்டுச்சு. மனுசன் சிரிக்கவே இல்ல.

"அப்ப மூணு நாளா நானேதான் இறுக்கிக்கிட்டு இருந்தேனா?"

செல்வியோட மெஷின்

தை மாசம். எதிர்த்தெரு டெய்லர் செல்வி, தையல் மெஷினை ஸ்டாண்டோட ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் புள்ளைக்கு அதுதான் முதல் கல்யாண ஆர்டர். விடிஞ்சா முகூர்த்தம், பொண்ணு ரவிக்கைக்கு ஒரு கை இன்னும் மூட்டல. சக்கரமோ அசையல. தினமும் எண்ணெய் விடுறேன்னு சத்தியம் பண்ணுச்சு. பாத்தா, ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு சரியா எண்ணெய் ஓட்டை மேலயே காய்ஞ்சு அடைச்சிருக்கு. விட்ட எண்ணெயெல்லாம் வெளியதான் வழிஞ்சிருக்கு. எனக்கு வந்துச்சே கோவம்! அழுது வீங்குன முகத்தைப் பாத்ததும் போயிருச்சு.

ஊசியால சந்தனத்தை நோண்டி, மண்ணெண்ணெய் விட்டு, வெந்நீர்ல பிழிஞ்ச துணியைச் சுத்திவச்சேன். அரை மணி நேரம் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். சுத்தியலை எடுங்கன்னு கெஞ்சுச்சு, நான் ஒளிச்சு வச்சுட்டேன். அப்புறம் சக்கரத்தை முன்னால நூலளவு, பின்னால நூலளவு அசைச்சு அசைச்சு, கடைசியில ஒரு முழுச்சுத்து சுத்துச்சு. கந்தல் துணியில ஓட்டிப் பாத்துட்டு, பட்டறையிலயே உக்காந்து கையை மூட்டிட்டுத்தான் எந்திரிச்சுச்சு.

"இனிமே பொட்டு ஸ்டாண்டுக்கு மட்டுந்தாண்ணே."

என்னோட வைஸ்

இந்த வருசம் பூஜை முடிஞ்சு, மழையில பட்டறை ஒரு வாரம் பூட்டிக் கிடந்துச்சு. திறந்தா, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸோட திருகு நகரல. ஆத்திரத்துல சுத்தியலை ஓங்குனேன். கத்தரிக்குச் சாணை பிடிக்க வந்த செல்வி குனிஞ்சு பாத்துச்சு. மரை மேல என் மூணு விரல் சந்தனம்! சுத்தியலை வாங்கித் தன் பைக்குள்ள போட்டுக்கிச்சு.

"அரை மணி நேரம் தொடக்கூடாது. போயி டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

ஊரையே அரை மணி நேரம் காக்கவச்ச எனக்கு, அது எம்புட்டு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.